கொடி கட்டிய நல்லாசிரியர்கள்

இலக்கிய நண்பர்கள் நாலுபேர் கூடியிருக்கும் இடத்தில் ‘சந்தைப்படுத்தல்’ என்ற சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். உடனே முகங்கள் சுருங்கும். யாரோ ஒருவர் வணிக இதழ்களைத் திட்டத் தொடங்குவார். இன்னொருவர், நல்ல எழுத்து தனக்கான வாசகனைத் தானே தேடிக்கொள்ளும் என்பார். சிறிது நேரம் கழித்து அதே நண்பர்கள், ஐந்நூறு பிரதி அச்சிட்ட தம் கவிதைத் தொகுப்பு நாலாண்டுகளாகக் கட்டுப் பிரிக்கப்படாமல் பரணில் கிடப்பதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இவ்விரண்டுக்கும் இடையே ஏதோ தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் மட்டும் அவர்களுக்கு எழுவதில்லை.

தமிழ் படித்து, தமிழ் கற்பித்துப் பிழைப்பவன் நான். வணிகவியல் என் துறை அன்று. ஆயினும், சந்தைப்படுத்தலின் அடிப்படை விதிகளை இலக்கியக்காரர்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பது என் கட்சி. எழுதுகிற பொருளை மாற்றிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதியது உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதற்காகவே சொல்கிறேன்.

சந்தை நமக்குப் புதிதில்லை. மதுரைக் காஞ்சி காட்டும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பற்றி உருத்திரங்கண்ணனார் சொல்லும் பகுதியை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். அங்கே கள் விற்கும் இடத்தில் ஒரு கொடி பறக்கிறது. துறைமுகத்துக் கலங்களின்மேல் கொடி பறக்கிறது. அதே வரிசையில், பல கேள்வித் துறைகளைக் கற்றுத் தேர்ந்த நல்லாசிரியர்கள் தம்மோடு வாதுக்கு வருமாறு அழைத்து உயர்த்திய கொடியும் பறக்கிறது. கள் விற்பவன் கட்டிய கொடிக்குப் பக்கத்தில் தம் கொடியும் பறப்பதை அந்த ஆசிரியர்கள் இழிவாக எண்ணியதாகத் தெரியவில்லை. தான் இருக்கும் இடத்தையும் தன்னிடம் இருப்பதையும் நாலுபேருக்கு அறிவிப்பது அறிவின் தரத்தைக் குறைத்துவிடும் என்ற எண்ணம் நமக்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

இனி, நான் வாழும் நெய்வேலிக்கு வருகிறேன். பொருள் நல்லதாக இருந்தால் போதும், விற்பனை தானே நடக்கும் என்பவர்களுக்கு இந்த ஊரின் மண்ணுக்கடியிலேயே விடை இருக்கிறது.

பழுப்பு நிலக்கரி விசித்திரமான சரக்கு. தோண்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். குவித்து வைத்தால் நாளடைவில் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தொலைவூருக்கு ரயிலேற்றி அனுப்பினால் நிலக்கரிக்குக் கொடுக்கும் கூலியில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்ததாக ஆகும். ஆகவே நெய்வேலியில் சுரங்கத்தின் வாயிலிலேயே அனல்மின் நிலையம் எழுப்பினார்கள். 1956-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1962-இல் முதல் அலகு மின்சாரம் தந்தது. எடைமிகுந்த கரி ஊரிலேயே தங்கிவிட, எடையற்ற மின்சாரம் கம்பி வழியே ஊர் ஊராகப் போயிற்று. சரக்கின் குணத்தை அறிந்து, அது போகக்கூடிய வழியை அமைத்துக்கொடுத்தல் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று பாடநூலில்கூடக் கிடைப்பது அரிது.

அதே நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் இன்னொரு சரக்கையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. லெகோ என்று அதற்குப் பெயர். பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, அழுத்தி வில்லைகளாக்கி, பின் அவற்றைக் கரியாக்கி எடுத்த அடுப்பெரி பொருள் அது. விறகைப்போலப் புகையாது. விறகுப் புகையில் கண் எரிந்த தலைமுறைக்கு இது சிறிய வரம் இல்லை. நல்ல சரக்குதான். ஆனால் ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1965-இல், இந்தேன் எரிவாயு உருளை இந்தியச் சமையலறைகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. லெகோவைப் பற்றவைக்க வேண்டும், கனன்று வரும்வரை காத்திருக்க வேண்டும், சாம்பலை அள்ள வேண்டும். எரிவாயுவுக்குத் தீக்குச்சி ஒன்று போதும். எரிவாயு பரவப் பரவ லெகோவின் இடம் சுருங்கியது. 2000களின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று என் மாணவர்களிடம் லெகோ என்றால் ஏதோ பொம்மையின் பெயர் என்று நினைக்கிறார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அடுப்படியில் நின்ற பெண்மணி எரிபொருள் வாங்கவில்லை. சீக்கிரம், புகையில்லாமல், உடம்பு நோகாமல் சமையல் முடிவதை வாங்கினாள். அதை இன்னும் நன்றாகத் தருவது எதுவோ அதற்கு மாறினாள். தியடோர் லெவிட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான். அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தங்கள் தொழில் ரயில் ஓட்டுவது என்று நினைத்தன. மக்களையும் சரக்கையும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே தங்கள் தொழில் என்று எண்ணத் தவறியதால், காருக்கும் லாரிக்கும் விமானத்துக்கும் தம் வாடிக்கையாளரைப் பறிகொடுத்தன. விற்பனை என்பது விற்பவனின் தேவையிலிருந்து தொடங்குவது, சந்தைப்படுத்தல் வாங்குபவனின் தேவையிலிருந்து தொடங்குவது என்று அவர் பிரித்துக் காட்டினார். நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, முன்னதன்மேல் உள்ள அருவருப்பைப் பின்னதன்மேலும் கொட்டுகிறோம்.

அதே 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்பவர் இக்கலையை நான்கு சொற்களில் அடக்கினார். பொருள், விலை, இடம், பரப்புரை. உலகெங்கும் வணிகவியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் நான்கு தூண்கள் இவை. என்ன தருகிறாய், என்ன விலைக்குத் தருகிறாய், எங்கே கிடைக்கச் செய்கிறாய், எப்படித் தெரியப்படுத்துகிறாய் என்று நான்கு கேள்விகளாக இவற்றைக் கொள்ளலாம்.

இலக்கியத்துக்கு இந்நான்கில் முதலாவது பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன். சோப்பு செய்பவன் வாடிக்கையாளருக்குப் பிடித்த மணத்தை விசாரித்துச் சேர்க்கலாம். கவிஞன் அப்படிச் செய்தால் அவன் கவிஞனாக இருப்பதை அந்த நிமிடமே நிறுத்திக்கொள்கிறான். என்ன எழுதுவது என்பது எழுதுபவனின் தனியுரிமை. அதில் வாசகனுக்கும் பதிப்பாளனுக்கும் வாக்கு இல்லை. ஆனால் மற்ற மூன்றும்? விலையும் இடமும் பரப்புரையும் எந்தக் கவிதையின் எந்தச் சொல்லையும் மாற்றுவதில்லை. முதல் தூணுக்குரிய புனிதத்தை மற்ற மூன்றுக்கும் நீட்டி, அலட்சியத்துக்குக் கொள்கை என்று பெயர்சூட்டிக்கொண்டதே நம் சிற்றிதழ் மரபின் பெருங்குறை என்று நினைக்கிறேன்.

மரபு என்றேன். நம் முன்னோடிகள் அனைவரும் அப்படி இருந்ததில்லை. பாரதி 1920-இல் தம் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடும் திட்டத்தை விவரித்து நண்பர்களுக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சகஜமாகவும் வேகமாகவும் தம் நூல்கள் விற்றுப்போகும் என்பது அவர் கணக்கு. வேறு உவமையே அவருக்குக் கிடைக்கவில்லையா? தமிழ்நாட்டின் எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பொருள்கள் அவை. விலை, இடம் இரண்டையும் ஒரே உவமையில் வைத்துவிட்டார் மகாகவி. மறு ஆண்டு அவர் மறைந்தார். திட்டம் காகிதத்தில் நின்றது. ஆனால் கணக்கு தவறு என்று யாரும் நிரூபிக்கவில்லை.

சொல்லப்போனால் கணக்கு சரி என்று வேறு தேசத்தில் நிரூபணமாயிற்று. 1935 ஜூலையில் லண்டனில் ஆலன் லேன் பெங்குவின் வரிசையின் முதல் பத்து நூல்களை வெளியிட்டார். ஒன்று ஆறு பென்ஸ், அன்றைய சிகரெட் பெட்டி ஒன்றின் விலை. புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். வீட்டுச் சாமான்கள் விற்கும் வுல்வொர்த் கடைத்தொகுதி 63,500 பிரதிகள் கேட்டு ஆணை கொடுத்த பிறகே அந்த முயற்சி பிழைத்தது. அந்தப் பத்தில் ஹெமிங்வேயின் நாவலும் ஒன்று. வாளியும் துடைப்பமும் விற்ற கடையில் கிடைத்ததால் ஹெமிங்வேயின் நடை கெட்டுவிட்டதா என்ன?

தமிழிலும் நிரூபணம் உண்டு. சக்தி வை.கோவிந்தன் 1950களில் திருக்குறளை ஒரு ரூபாய்க்கும் பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கும் தந்தார். பாரதியின் எழுத்துரிமை 1949-இல் அரசின் கைக்கு வந்து, பின் பொதுவுடைமையானதால் அது கைகூடிற்று. கல்கியின் எழுத்துகள் 1990களின் இறுதியில் அரசுடைமையானபின் பொன்னியின் செல்வனைப் பல பதிப்பாளர்கள் போட்டிபோட்டு அச்சிட்டதையும், ஐந்து பாகங்களும் சேர்ந்த கட்டுகளைத் தோளில் சுமந்தபடி குடும்பங்கள் கண்காட்சிகளிலிருந்து வெளியேறுவதையும் நாமே பார்த்திருக்கிறோம். விலை என்பது கடைசிப் பக்கத்தில் போடும் எண் மட்டுமன்று. யாரை வாசகராக எண்ணுகிறோம் என்பதன் அறிவிப்பு அது. 120 பக்கக் கவிதை நூலுக்கு நாம் இன்று வைக்கும் விலை, கல்லூரி மாணவரை ‘நீ எங்கள் கணக்கில் இல்லை’ என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

அடுத்தது இடம். நெய்வேலி புத்தகக் கண்காட்சி 1998-இல் தொடங்கியபோது, சுரங்கமும் மின்நிலையமும் உள்ள ஊரில் புத்தகம் யார் வாங்குவார் என்று கேட்டவர்கள் உண்டு. சென்னையில் 1977 முதல் கண்காட்சி நடந்துவந்தது. ஆனால் கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையில் உள்ள ஒரு வாசகர் அதற்காகச் சென்னை போய் வருவதற்குள் புத்தகத்தின் விலையைப் பயணச்சீட்டு விழுங்கிவிடும். இங்கே மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். மாலையில் காலாற நடக்க மரம் அடர்ந்த அகன்ற சாலைகள் இருந்தன. புத்தகக் கடை என்று சொல்லத்தக்க ஒன்று மட்டும் இல்லை. லிக்னைட் ஹால் வளாகத்தில் அரங்குகள் எழுந்ததும் கூட்டம் வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கவும் மிளகாய் பஜ்ஜி தின்னவும் வந்தவர்கள்தாம். இருக்கட்டுமே. பஜ்ஜி தின்ற கையைத் துடைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைப் புரட்டிய சிறுவன் அடுத்த ஆண்டு தானே அப்பாவை இழுத்துவந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தாளருக்குப் பாராட்டு, நூல் வெளியீடு, தினமணியோடு இணைந்து சிறுகதைப் போட்டி என்று அந்தக் கண்காட்சி வாங்குபவரை எழுதுபவராகவும் ஆக்க முயன்றது. வாசகரைத் தேடிப் புத்தகம் போனபோது வாசகர் இருந்தார் என்பதே அதன் சாட்சியம். பின்னர் ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்திய திருவிழா அதை உறுதிசெய்தது. 2022-இல் மாவட்டந்தோறும் கண்காட்சி என்று அரசே முன்வந்தது.

ஆண்டுக்குப் பத்து நாள் சரி. மற்ற நாள்களில்? நவீன கவிதை பற்றி வகுப்பெடுத்து முடித்த ஒரு நாள், கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, ‘ஐயா, நீங்கள் சொன்ன இந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டாள். சென்னை முகவரி ஒன்றைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது. மந்தாரக்குப்பத்துக் கடையில் போட்டித்தேர்வு வழிகாட்டியும் பாடநூல் உரையும் கிடைக்கும். கைப்பேசியில் தேடி வாங்கலாமே என்பீர்கள். ஏற்கெனவே தெரிந்த பெயரைத் தேடுவதற்கே அந்தக் கருவி உதவும். தெரியாத ஒரு புத்தகம் தற்செயலாகக் கையில் படுவதற்கு ஒரு மேசையும் அதன்மேல் பத்துப் புத்தகங்களும் வேண்டும். சி.சு.செல்லப்பா அதை அறிந்திருந்தார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவருடைய சமரசமின்மையை நாம் ஓயாமல் போற்றுகிறோம். அவருடைய மூட்டையை மறந்துவிட்டோம்.

நான்காவது, பரப்புரை. நம்மவர்கள் சந்தைப்படுத்தல் என்றாலே இதை மட்டும்தான் நினைக்கிறார்கள். அதையும் கெட்டவிதமாகவே செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தமிழின் மகத்தான நாவல்கள் குறைந்தது ஏழெட்டாவது வெளிவந்துவிடுகின்றன, பின்னட்டைகளை நம்புவதாக இருந்தால். அணிந்துரை எழுதுபவர் நூலைப் படித்ததற்கான தடயமே சில அணிந்துரைகளில் கிடைப்பதில்லை. இப்படி ஒருமுறை ஏமாந்த வாசகர் அந்த நூலாசிரியரை மட்டும் விலக்குவதில்லை. தீவிர இலக்கியம் என்ற வகையையே விலக்கிவிட்டுப் போகிறார். விளம்பரம் என்பது ஒரு வாக்குறுதி. பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வணிகம் செய்வார்க்கு வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த விதி, வாசகரின் பணத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தும்.

எங்கள் பகுதிப் பண்ருட்டிச் சாலையோரத்துப் பலாப்பழ வியாபாரியைப் பாருங்கள். பழத்தைப் பற்றி அவர் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ஒரு சுளையை எடுத்துக் கையில் கொடுக்கிறார். தின்று பார்த்தபின் விலை பேசலாம். நாவலின் முதல் அத்தியாயத்தை, தொகுப்பின் நாலு கவிதைகளை எல்லோரும் படிக்கத் தருவதைவிட நேர்மையான பரப்புரை இலக்கியத்துக்கு இல்லை. அந்தச் சுளையில் ருசி இல்லையென்றால் எந்தப் பின்னட்டையும் காப்பாற்றப் போவதில்லை.

பரப்புரையின் எல்லையையும் நெய்வேலி காட்டுகிறது. புத்தகக் கண்காட்சி அதை நடத்திய நிறுவனத்துக்கு நற்பெயர் தேடித் தந்தது. அந்தப் பெயரில் எனக்கும் பங்குண்டு, மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகமே பார்த்தபோது, இத்தனை ஆண்டு நற்பெயரும் அதற்குத் திரையாக நிற்கவில்லை. செய்கையோடு சேர்ந்து நடந்தால்தான் பரப்புரைக்கு உயிர். நிறுவனத்துக்கு இந்த விதி எப்படியோ, எழுத்தாளனுக்கும் பதிப்பாளனுக்கும் அப்படியே.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். விற்பனையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவன் நாளடைவில் விற்பதற்காகவே எழுதத் தொடங்குவான், ஆகவே வாசலையே மூடிவைப்பது நல்லது என்பார்கள். அபாயம் உண்மையானது. அதற்கு இரையானவர்களை நமக்குத் தெரியும். ஆயினும் மறுபக்க அபாயத்தையும் எடைபோட வேண்டும். வாசலை மூடியபோது உள்ளே தூய்மை நிலைத்ததா? அந்த ஐந்நூறு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளவும் ஏசிக்கொள்ளவுமே எழுதும் நிலை வந்ததா, இல்லையா? சிறிய சந்தையும் சந்தையே. அதற்கும் எழுதுபவனை வளைக்கும் பலம் உண்டு. சொல்லப்போனால் அதிகம் உண்டு.

எனவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நல்ல நூலுக்கும் மாணவர் வாங்கக்கூடிய எளிய பதிப்பு ஒன்று வரட்டும். கல்லூரித் தமிழ்த்துறைகள் ஆண்டுக்கு இருமுறை பத்துப் பதிப்பாளர்களை அழைத்து வராந்தாவில் மேசை போடட்டும். தமிழாசிரியர்கள் நாம் அதற்கு முன்னின்றால் செலவு என்று எதுவும் ஆகாது. சந்தா கட்டியவருக்கு இதழ் ஒழுங்காகப் போய்ச் சேரட்டும். நின்றுபோனால் மீதிப் பணம் திரும்பட்டும். பின்னட்டையில் நூல் எதைப் பற்றியது என்று இரண்டு வரி உண்மை இருக்கட்டும். நூலக ஆணை வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று கணக்கிடும் பதிப்பாளர், நூலகத்தின் அலமாரியைத் தாண்டி அதன்முன் வந்து நிற்கும் மனிதரையும் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த மாணவிக்கு நான் என் பிரதியைக் கொடுத்தேன். பின்னர் அது வகுப்பில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து திரும்பி வந்தது. பன்னிரண்டுபேர் படித்திருந்தார்கள். அவர்களில் நாலுபேராவது சொந்தமாக வாங்கியிருப்பார்கள், வாங்கும் இடத்தில் அது இருந்திருந்தால். வாசகர் இல்லை என்று புலம்புவதற்குமுன், நாம் கொடி கட்டியிருக்கிறோமா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது.